உயிர் என்னும் வழக்கு: ஆன்மாவும் வீடுபேறும் குறித்த பௌத்த – சைவ வாதம்

முன்னுரை

இந்து சமயங்கள் அழியாத ஆன்மாவை ஏற்பன. பௌத்தம் அதனை மறுப்பது. இவ்விரு தொடர்களோடு இரு மரபுகளுக்கும் இடையிலான தத்துவ உறவு முழுமையாகச் சொல்லப்பட்டுவிட்டதாகக் கருதும் போக்கு தமிழாய்வுலகில் நிலைத்துள்ளது. இதற்கு எதிர்முனையில் மற்றொரு போக்கும் உண்டு. புத்தர் மறுத்தது உலகியல் நிலையிலுள்ள 'நான்' என்பதையே அன்றி உபநிடதங்கள் கூறும் ஆன்மாவை அன்று. எனவே இரு மரபுகளும் ஆழத்தில் ஒன்றே என்பது அதன் கருத்து. 1923இல் வெளிவந்த இந்தியத் தத்துவம் பற்றிய தம் நூலின் முதல் தொகுதியில் ச. இராதாகிருஷ்ணன் இவ்விணக்கப் பார்வையை முன்வைத்தார். 1955இல் டி. ஆர். வி. மூர்த்தி, ஆன்ம மரபும் அனான்ம மரபும் இந்தியச் சிந்தனையின் இருவேறு நீரோட்டங்கள் எனப் பிரித்துக் காட்டினார். 1959இல் வல்பொல இராகுலர், புத்தரின் போதனைக்குள் ஆன்மாவைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள் அனைத்தையும் மறுத்தார்.

ஒன்றே என்பதும் வேறே என்பதும் ஒரு பொதுக் குறையை உடையன. 'ஆன்மா' என்னும் சொல் எல்லா இடத்தும் ஒரே பொருளைக் குறிக்கிறது என்னும் எண்ணமே அது. வாத நூல்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பயிலும்போது இவ்வெண்ணம் நிலைபெறுவதில்லை. மணிமேகலை, பெரியபுராணம், சிவஞானபோதம், சிவஞானசித்தியார் ஆகிய தமிழ் நூல்களை வடமொழி, பாலி மரபுகளின் பின்புலத்தில் வைத்து, 'உயிர்' என்னும் சொல் அவற்றில் எவ்வாறு வழங்குகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். உயிர் உண்டா இல்லையா என்பதைவிட, கட்டுண்டவரும் விடுபட்டவரும் ஒருவரே என்பதை எவ்வாறு விளக்குவது என்பதே இவ்வாதத்தின் மையம் என்பதும், அவ்வினாவை எதிர்கொண்டதில் இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டைத் திருத்தமுற வரையறுத்துக்கொண்டன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

1. இருபுறமும் கூரான சிக்கல்

என்றும் மாறாத ஒன்று கட்டுண்ணாது. கட்டுண்ணாத ஒன்றுக்கு விடுதலையும் வேண்டா. கணந்தோறும் கெடுகின்ற ஒன்றுக்கோ, கட்டுண்டவன் வேறு, விடுபடுபவன் வேறு ஆகிவிடும். ஆன்மாவை ஏற்பவர்க்கு முதற்கூற்றும், மறுப்பவர்க்கு இரண்டாம் கூற்றும் இடராக அமைகின்றன.

உபநிடதங்களிலேயே இவ்விடரின் சாயலைக் காணலாம். பிருகதாரணியகத்தில், இறந்தவனின் உடற்கூறுகள் பூதங்களில் ஒடுங்கியபின் அவன் எங்கே நிற்கிறான் என ஆர்த்தபாகன் வினவுகிறான். யாஞ்ஞவற்கியர் அவனைத் தனியே அழைத்துச் சென்று உரையாடுகிறார். அவர்கள் புகழ்ந்து பேசியது வினையைப் பற்றியே என்று அந்நூல் கூறுகிறது. அதே யாஞ்ஞவற்கியர், விடுபட்ட நிலையில் சுட்டறிவு இல்லை என்று தம் மனைவி மைத்திரேயிக்குக் கூறும்போது அவள் மயங்குகிறாள். அழியாத ஒன்றைப் பற்றிய போதனை, அறிவு இல்லை என்னும் சொல்லில் வந்து முடிவதே அவளது மயக்கத்துக்குக் காரணம். பௌத்தம் பின்னர் எழுப்பும் வினாக்களின் வித்து உபநிடத உரையாடலுக்குள்ளேயே கிடப்பதை இப்பகுதிகள் காட்டுகின்றன.

ஆன்மாவை ஏற்கும் தரிசனங்களும் தம்முள் ஒத்த கருத்துடையன அல்ல. சாங்கியத்தில் புருடன் சாட்சி மட்டுமே. ஆகவே புருடன் கட்டுண்பதும் இல்லை, விடுபடுவதும் இல்லை; இவை பிரகிருதிக்கே உரியன என்று சாங்கியகாரிகை ஒப்புக்கொள்கிறது. மாறாத ஆன்மா என்னும் கொள்கையை அதன் எல்லைவரை கொண்டு சென்றால் விளையும் முடிவு இது. நியாய தரிசனமோ விருப்பு, வெறுப்பு, முயற்சி, இன்பம், துன்பம், அறிவு ஆகியவற்றை ஆன்மாவின் அடையாளங்களாகக் கொள்கிறது. கண்ணால் கண்ட பொருளையே கையால் தீண்டி அறிந்ததாக ஒருவன் உணர்வதால், இரு புலன்களுக்கும் பொதுவான அறிபவன் ஒருவன் உண்டு என்று நிறுவுகிறது. ஆயினும் அதன் வீட்டுநிலையில் துன்பத்தோடு இன்பமும் அறிவும் நீங்குவதால், அந்நிலைக்கும் கல்லின் நிலைக்கும் வேறுபாடு யாது என்னும் எள்ளலுக்கு அது உள்ளாயிற்று.

பௌத்தமும் ஒரே குரலில் பேசவில்லை. சுமையையும் சுமப்பவனையும் பற்றிப் பேசும் பாலிச் சூத்திரத்தை ஆதாரமாகக் கொண்டு, ஐங்கந்தங்களின் வேறும் அன்றி அவையேயும் அன்றி நிற்கும் 'புற்கலன்' ஒருவன் உண்டு என வாத்சிபுத்திரியர் கூறினர். கதாவத்துவின் முதல் வாதமே இப்புற்கலனைப் பற்றியது. வசுபந்து அபிதருமகோசத்தின் ஒன்பதாம் பகுதியில் இக்கொள்கையை விரிவாக மறுக்கிறார். பௌத்தர்களே பௌத்தர்களோடு இவ்வளவு நெடிது வாதிட நேர்ந்தமை, சிக்கல் வெளியிலிருந்து சுமத்தப்பட்டது அன்று என்பதற்குச் சான்றாகும்.

2. பக்கப்போலியாக ஆன்மா

மணிமேகலையின் 29ஆம் காதையாகிய தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் அறவண அடிகள் அளவையியலைக் கற்பிக்கிறார். சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு இக்காதை நெருங்கி ஒத்திருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டி வந்துள்ளனர். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10 என 33 போலிகளை இரு நூல்களும் விளக்குகின்றன. இவ்வொற்றுமை சாத்தனாரின் காலத்தைக் கணிப்பதற்கான கருவியாகவே பெரிதும் பயன்படுத்தப்பட்டது. அக்காதையில் ஆன்மா பெறும் இடம் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை.

பக்கப்போலி ஒன்பதில் இரண்டிற்கு ஆன்மா எடுத்துக்காட்டாக வருகிறது. சாங்கியன் பௌத்தனை நோக்கி ஆன்மா அறிவுடையது என்று நிறுவ முற்பட்டால், பக்கத்தின் எழுவாயாகிய ஆன்மாவே எதிரியால் ஒப்பப்படாதது ஆகையால் அது அப்பிரசித்த விசேடியம் என்னும் போலியாகும். வைசேடிகன் பௌத்தனை நோக்கி இன்பம் முதலியவற்றுக்கு ஆன்மா காரணம் என்றால், எழுவாய், பயனிலை இரண்டுமே ஒப்பப்படாதன ஆகையால் அது அப்பிரசித்த உபயம் ஆகும்.

இங்கு ஆன்மா இல்லை என்று நிறுவப்படவில்லை என்பது கருதத்தக்கது. ஆன்மாவை முன்வைத்து வாதத்தைத் தொடங்க முடியாது என்பது மட்டுமே கூறப்படுகிறது. நடுநிலை தவறாத இவ்விதி பௌத்தனையும் கட்டுப்படுத்துவது. சாங்கியனை நோக்கிச் சொல் அழியக்கூடியது என்று பௌத்தன் கூறினால் அதுவும் போலியே என்று அதே பட்டியல் காட்டுகிறது. எனவே இரு தரப்பும் ஒப்பும் பொதுக்களம் ஒன்றிலிருந்தே வாதம் தொடங்க வேண்டும். வினைக்குப் பயன் உண்டு, முன்னர் அறிந்ததை நினைவுகூர முடிகிறது, பிறவித் துன்பத்திலிருந்து விடுதலை உண்டு ஆகியவை அப்பொதுக்களம். பிற்கால வாத நூல்கள் அனைத்தும் இம்மூன்றைச் சுற்றியே இயங்குவது தற்செயலன்று.

3. நெல் என்னும் பெயர்

உதயகுமரன் கொலையுண்ட பின், சிறைவிடு காதையில் மணிமேகலை அவன் தாயாகிய இராசமாதேவியிடம் பேசும் பகுதி காப்பியத்தின் உயர்ந்த இடங்களுள் ஒன்று. தேவி அழுதது மகனின் உடலுக்காகவா, உயிருக்காகவா என மணிமேகலை வினவுகிறாள். உடலுக்காக எனில், அதனைச் சுடுகாட்டில் இடச் செய்தவர் யார்? உயிருக்காக எனில், அது வினைவழியே சென்று புகுந்த இடம் அறிதற்கு அரியது. அவ்வுயிரின்மேல் அன்பு மெய்யாயின் எல்லா உயிர்களுக்கும் இரங்குதல் வேண்டும் என்று அவள் முடிக்கிறாள்.

ஆன்மாவை ஒப்பாத பௌத்தக் காப்பியத்தின் தலைவி, உடலைவிட்டு வேறிடம் புகும் உயிரைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். இது சாத்தனாரின் தளர்வு என்றோ, பொதுமக்கள் வழக்குக்கு இடந்தந்து கூறியது என்றோ அமைதி கூறிவிடலாம். ஆனால் காப்பியமே இதற்கு விடையை 30ஆம் காதையாகிய பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதையில் வைத்துள்ளது.

பேதைமை, செய்கை, உணர்வு எனத் தொடங்கி வினைப்பயன் ஈறாகப் 12 சார்புகளை விளக்கும் அக்காதை, சொற்கள் பொருளைக் குறிக்கும் முறைகளையும் வகுத்துரைக்கிறது. தொகை, தொடர்ச்சி, இயல்பு மிகுத்துரை, இயைந்துரை என்பன அவை. உடம்பு, நாடு முதலியன பல கூறுகளின் திரளுக்கு இட்ட பெயர்கள், இவை தொகை. விதையாகவும் முளையாகவும் தாளாகவும் அடுத்தடுத்து நிகழ்வனவற்றை நெல் என்று ஒரு பெயரால் வழங்குவது தொடர்ச்சி. நாள் பல கூடியதைத் திங்கள் என்பது இயைந்துரை.

இவ்வகுப்பைக் கொண்டு 23ஆம் காதையின் உயிரைப் பொருள்கொள்ளும்போது முரண் நீங்குகிறது. விதை முளையன்று, முளை தாளன்று. ஆயினும் விதையின்றி முளையில்லை. பயிரைப் பார்த்து நெல் என்று கூறுவது பொய்யும் அன்று. அவ்வாறே உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களின் தொடர்ச்சிக்கு உயிர் என்பது பெயர். பெயருக்கு நேராக நிலைத்த தனிப்பொருள் ஒன்றைத் தேடுவதே பிழை. தேரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி எது தேர் என்று வினவும் மிலிந்தபஞ்ஞாவின் புகழ்பெற்ற உரையாடல் தொகையை அடிப்படையாகக் கொண்டது. சாத்தனார் தொகையோடு தொடர்ச்சியையும் சேர்த்து வைத்திருப்பது, பிறவியைப் பற்றிய கதைக்கு அவருக்குத் தேவையான கருவியை அளிக்கிறது.

இராசமாதேவிக்குக் கூறிய ஆறுதலின் முடிவும் இப்போதுதான் பொருள் பெறுகிறது. மகனின் உயிர் என்று தனித்து உரிமை கொண்டாட நிலைத்த பொருள் இல்லை. உள்ளது தொடர்ச்சி மட்டுமே. அத்தொடர்ச்சி எங்கு முளைத்துள்ளது என்று அறிய முடியாதபோது, அன்பு ஒருவன்மேல் மட்டும் நின்றுவிட இயலாது. அனான்மக் கொள்கை இங்கு அருளறமாக மாறுகிறது.

இதே காதையில் வினாக்களுக்கு விடையிறுக்கும் 4 முறைகளும் கூறப்படுகின்றன. தோன்றியது கெடுமோ என்பதற்குத் துணிந்து விடை கூறலாம். இறந்தவன் மீண்டும் பிறப்பானோ என்பதற்குப் பற்றற்றவனா, பற்றுடையவனா எனக் கூறிட்டு விடை கூற வேண்டும். வினாவையே எதிர்வினாவால் விடுப்பது மூன்றாவது. ஆகாயப்பூ பழையதா புதியதா என்பதற்கு வாய்வாளாமையே விடை. ஆன்மா உண்டா என்று வச்சகோத்தன் வினவியபோது புத்தர் மௌனம் காத்தார் எனச் சங்யுத்த நிகாயம் கூறுகிறது. உண்டு என்றால் நிலைபேறு பேசுவோர் பக்கமும், இல்லை என்றால் முற்றழிவு பேசுவோர் பக்கமும் சாய்ந்ததாகும் என்று பின்னர் ஆனந்தரிடம் அவர் விளக்குகிறார். இம்மௌனத்தை மறைமுக ஏற்பாகக் கொள்ளும் இணக்கப் பார்வைக்கு இவ்விளக்கம் இடந்தரவில்லை. இருபுறமும் அது மறுக்கப்படுகிறது. தவறாக எழுப்பப்பட்ட வினாவுக்கு வாய்வாளாமை ஒரு முறையான விடை என்பதை மணிமேகலையின் வகுப்பு தெளிவாக்குகிறது.

4. பிறப்புணர்தலும் பற்றின் தொடர்ச்சியும்

மணிபல்லவத்தில் புத்த பீடிகையை வணங்கிய மணிமேகலை, முற்பிறப்பில் தான் இலக்குமி என்பதையும், உதயகுமரன் தன் கணவனாகிய இராகுலன் என்பதையும் உணர்கிறாள். நியாய நூலார் ஆன்மாவை நிறுவ நினைவையே வலிய சான்றாகக் கொண்டனர். பிரமசூத்திரமும் கணபங்க வாதத்தை மறுக்கும் பகுதியில் நினைவை ஏதுவாகக் காட்டுகிறது. அவ்வாறிருக்க, பிறவி கடந்த நினைவைக் கதையின் திருப்புமுனையாகக் கொண்ட காப்பியம் ஆன்மாவை எவ்வாறு விலக்கி நிற்க முடியும்?

கதைப்போக்கை நோக்கினால், முற்பிறப்பிலிருந்து வருவது ஆளன்று, பற்றே என்பது புலப்படும். உதயகுமரனின் காமமும் மணிமேகலையின் மனநெகிழ்ச்சியும் பழைய இல்லற உறவின் எச்சங்கள். அவன் வெட்டுண்டு வீழ்ந்தபோது, அவள் பழம்பிறப்பின் மனைவியாக அழுது அவனை நெருங்கப் போகிறாள். கந்திற்பாவை அவளைத் தடுக்கிறது. நினைவு இங்கு 'நானே அவள்' என்னும் பெருமிதத்துக்கு உதவவில்லை. அறுக்க வேண்டிய பற்று எது என்பதைக் காட்டவே உதவுகிறது. அதே பாவை, மணிமேகலை இனி உத்தர மகதத்தில் ஆண்பிறப்பு எய்தித் தொடர்ந்து அறம் பயின்று புத்தரின் மாணவர்களுள் தலைமை பெறுவாள் என்கிறது. பெயரும் பாலும் மாறும் இடத்து, தொடர்வது வினையும் அறமுமே.

வஞ்சியில் சமயக்கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கும் மணிமேகலை நேர்நின்று வாதிடுவது பூதவாதியுடன் மட்டுமே. மறுபிறப்பு இல்லை என்னும் அவனிடம் தன் பழம்பிறப்பு அறிவைக் கூறுகிறாள். அவன் அதனை மயக்கம் என்று தள்ள, தன் தாய்தந்தையரை அவன் அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தான் என வினவி வெல்கிறாள். ஆன்மவாதிகளை விடுத்து, ஆன்மாவை மறுப்பதில் பௌத்தத்துக்கு அண்மையவனாகத் தோன்றும் உலகாயதனையே அவள் எதிர்ப்பது பொருள் பொதிந்தது. ஆன்மா இல்லை என்பது வினையும் பயனும் இல்லை என்றாகிவிடக் கூடாது என்பதில் சாத்தனார் கொண்ட கவனத்தை இது காட்டுகிறது.

5. வணக்கத்தை ஏற்பவர் யார்?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இவ்வாதத்துக்கு வேறொரு வடிவம் தருகிறார். திருஞானசம்பந்தரின் அடியவர்க்கும் பௌத்தர்க்கும் போதிமங்கையில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் வாதத்தில், சம்பந்த சரணாலயர் சாரிபுத்தனிடம் வீடுபேறு யாது என வினவுகிறார். கந்தங்கள் கெடுவதே வீடு என்பது விடை. அவ்வாறாயின் கந்தங்கள் கெட்டு வீடடைந்த புத்தருக்குச் செய்யும் பூசையை ஏற்பவர் யார் என்று சரணாலயர் மடக்குகிறார். உறங்குபவனைப் பழித்தால் அவன் அறியாவிடினும் பழி பழியே என்னும் உவமையைச் சாரிபுத்தன் தர, உறங்குபவனுக்கு உயிரும் உடலும் உண்டே என்று அது தள்ளப்படுகிறது.

வீடுபெற்றவர் யார் என்னும் தத்துவ வினா, வணக்கத்தை ஏற்பவர் யார் என்னும் பக்தி வினாவாக மாறியிருப்பது இங்கு கருதத்தக்கது. சைவத்தின் உண்மையான அக்கறை இதில் வெளிப்படுகிறது. ஆன்மா நிலைத்திருப்பது தனக்காக அன்று. அருளுவோனும் அருளப்படுவோனும் என்னும் உறவு அற்றுப்போகாமல் இருப்பதற்காகவே அது நிலைத்திருக்க வேண்டும்.

சேக்கிழாரின் கதையில் பௌத்தனுக்குச் சொல்லாட இடம் குறைவு. வாதத்துக்கு முன்னரே புத்தநந்தி இடியால் மாய்ந்துவிடுகிறான். வெற்றியின் ஒரு பகுதி வாதத்துக்கு வெளியே நிகழ்ந்துவிடுகிறது. பௌத்த மரபில் இவ்வினா புதிதும் அன்று. வணக்கத்தை ஏற்பார் எனில் புத்தர் முற்றும் விடுபடவில்லை, ஏலார் எனில் வணக்கம் வீண் என்னும் இருதலைச் சிக்கலை மிலிந்தன் எழுப்ப, நாகசேனர் அவிந்த பெருந்தீயின் உவமையால் விடையிறுக்கிறார். தீ அவிந்தபின்னும் மக்கள் தம் முயற்சியால் தீக்கடைந்து பயன்கொள்வது போல, வணங்குவோர் தம் செயலால் பயன் பெறுவர் என்பது அதன் கருத்து.

தமிழில் இதற்கு இணையான விடை மணிபல்லவத்துப் பீடிகையே எனலாம். அதன்மேல் அமர்ந்திருப்பவர் எவரும் இல்லை. ஆயினும் அதனை வணங்கியவளுக்கு அறிவு பிறக்கிறது. சரணாலயரின் வினா தவறான இடத்தில் பயனைத் தேடுகிறது என்பதே சாத்தனார் வழியில் கிடைக்கும் மறுமொழி. போதிமங்கையின் சாரிபுத்தன் இதனைக் கூறவில்லை; கூறியிருந்தாலும் அருளுறவை உயிர்நாடியாகக் கொண்ட சைவத்துக்கு அது நிறைவளித்திருக்காது. இரு தரப்பும் பிரியும் இடம் இதுவே.

6. மாறாத ஆன்மாவும் சார்ந்ததன் வண்ணமும்

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் நால்வகைப் பௌத்தரையும் எதிர்கொள்கிறார். கந்தங்கள் அழிவதே வீடாயின் அதனைப் பெறுபவர் யார் என்பது அவரிடமும் மையத் தடையாகிறது. முன்னறிவு கெட்டபின் பின்னறிவு தோன்றுமாயின், முன்னதன் வாசனையைப் பின்னதற்கு அளிப்பது யாது என்பது அதனோடு இயைந்த தடை. தொடர்ச்சி என்னும் பெயர் சிக்கலைச் சுட்டுகிறதே ஒழியத் தீர்க்கவில்லை என்பது எதிர்தரப்பின் கருத்து. விதை முளைப்பதற்கு நிலம் வேண்டும். அறிவுத்தொடருக்கு நிலம் எது என்று அவர்கள் கேட்பதாக இதனைக் கொள்ளலாம். இத்தடைக்கு வலிமை உண்டு என்பதை வாத்சிபுத்திரியரின் புற்கலனும் யோகாசாரரின் ஆலய விஞ்ஞானமும் ஒருவகையில் ஒப்புக்கொள்கின்றன.

ஆனால் அதே பரபக்கம் மாயாவாதியையும் மறுக்கிறது. நிரீச்சுர சாங்கியனையும் மறுக்கிறது. மறுக்கப்படுவோரின் வரிசையைப் பௌத்தரோடு நிறுத்திப் படிப்பது, சித்தாந்தத்தைப் பொதுவான 'இந்து ஆன்மவாதம்' ஆக்கிவிடும். உண்மையில் சித்தாந்தத்தின் உயிர், பௌத்தர் மறுத்த மாறாத ஆன்மாவும் அன்று.

மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிரின் உண்மையை நிறுவுகிறார். ஒவ்வொன்றையும் இது நானன்று எனக் கழித்து இல்லை என்று கூறும் அறிவு ஒன்று உண்டு என்பது அவர் காட்டும் ஏதுக்களுள் முதலாவது. மறுப்பவன் எவனோ அவனே ஆன்மா என்னும் சங்கரரின் வாதத்தை இது நினைவூட்டும். ஆனால் அடுத்த அடியில் இருவரும் பிரிகின்றனர். சங்கரர்க்கு அவ்வறிவு பிறிதொன்றைச் சாராதது. கட்டு என்பது அவித்தையின் தோற்றமே. மெய்கண்டார்க்கோ உணர்த்த உணர்வதே உயிரின் இயல்பு. அது சத்தும் அன்று, அசத்தும் அன்று, சதசத்து. படிகம் அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் கொள்வது போலவும், கண் ஒளியின்றிக் காணாதது போலவும், சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது.

சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் இக்கருத்து, மாறாமைக்கும் கணபங்கத்துக்கும் இடையே எடுக்கப்பட்ட நிலைப்பாடு. தனித்து நின்று தன்னை அறியும் ஆன்மாவை அது கைவிட்டுவிடுகிறது. அறிவு சார்பினால் தோன்றுவது என்னும் பௌத்த உணர்வின் ஒரு கூற்றை ஏற்று, அச்சார்பைத் தாங்கும் ஒன்று அழியாது நிற்கிறது என்று அதன்மேல் சேர்க்கிறது. பௌத்தத்தில் சார்பு அறுவது விடுதலை. சித்தாந்தத்தில் சார்பு அறுவதில்லை. பாசத்தைச் சார்ந்தது பதியைச் சார்கிறது. முத்தியிலும் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் உள. மலம் ஆற்றல் ஒடுங்கி நிற்கிறது.

நெல் என்னும் உவமை இரு தரப்பிலும் வருவது இவ்வேறுபாட்டை எளிதில் காட்டும். சாத்தனார்க்கு நெல் என்பது விதை, முளை, தாள் என்னும் நிகழ்ச்சித் தொடரின் பெயர். சித்தாந்திகட்கு நெல் என்பது அநாதியே உமியால் மூடப்பட்ட அரிசி. உமி இடையில் வந்ததன்று, ஆயினும் நீக்கத்தக்கது. நீங்கினால் அரிசி எஞ்சும்; மீண்டும் முளைக்காது. மீண்டும் முளைக்காமை என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். எஞ்சுவது யாது என்பதில்தான் வேறுபாடு. தொடரைப் பெயராகக் கண்டவர்க்கு எஞ்சுவதைப் பற்றிய வினா எழுவதில்லை. உறையைக் கண்டவர்க்கு உள்ளீட்டைப் பற்றிய வினா தவிர்க்க இயலாதது. உவமையின் தேர்வே கொள்கையின் முடிவை முன்கூட்டி வகுத்துவிடுகிறது.

இரு தரப்பும் தீர்க்காத எச்சம் ஒன்றும் உண்டு. தொடர் முழுதும் அறுந்தபின் அவ்விடுதலை நற்பேறு என்று யாருக்கு என்னும் வினாவைச் சாத்தனார் காப்பிய எல்லைக்குள் கொண்டுவரவில்லை. மணிமேகலை நோற்பதோடு காப்பியம் நிறைகிறது. அநாதியாய் உடனிருந்த மலம் ஆற்றல் ஒடுங்குவது, சார்ந்ததன் வண்ணமான உயிரில் எத்தகைய மாற்றம் என்னும் வினா சித்தாந்தத்துக்கும் எளிதன்று. மாறுதலை உயிரில் வைத்தால் நிலைபேறு தளரும். உயிருக்கு வெளியே வைத்தால் சாங்கியத்தின் முடிவே வந்து சேரும்.

7. வினைக்கு உரியவர் யார்: இக்கால மீள்வருகை

ஆன்மாவையும் வினையையும் இணைக்கும் இவ்வினா பழைய நூல்களோடு முடிந்துவிடவில்லை. 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில், ஆன்மா இல்லையெனில் வினையும் மறுபிறப்பும் எவ்வாறு என்பதைப் பௌத்தம் எதிர்நோக்கும் சிக்கல்களுள் ஒன்றாக அம்பேத்கர் எழுப்புகிறார். ஆன்மா ஓருடல் விட்டு ஓருடல் புகுவதை மறுத்து, உடலின் பூதக்கூறுகள் மீண்டும் திரள்வதையே மறுபிறப்பாக அவர் விளக்குகிறார். முற்பிறப்பு வினையே இப்பிறப்பின் தாழ்வுக்குக் காரணம் என்னும் கொள்கை, சமுதாயத்தையும் அரசையும் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது என்பது அவரது கண்டனம்.

அம்பேத்கரின் விளக்கம் மணிமேகலையின் பிறப்புணர்தலோடு பொருந்தாது. சாத்தனார்க்கு முற்பிறப்பு வினை மறுக்க முடியாத உண்மை. இவ்வேறுபாட்டை மறைப்பது இருவருக்கும் நீதியாகாது. எனினும் நிலைத்த ஆன்மாவை விலக்குவதன் அறப்பயன் எது என்பதில் ஒரு தொடர்பு உண்டு. வினையை ஓர் உயிரின் தனி உடைமையாக்கும்போது துன்புறுவோன் தன் கணக்கைத் தானே தீர்க்கிறான் என்னும் அமைதி பிறர்க்குக் கிடைத்துவிடுகிறது. இராசமாதேவியிடம் மணிமேகலை கூறியது அவ்வமைதியைக் குலைக்கிறது. யாருடைய உயிர் எங்குள்ளது என அறிய இயலாமையே எல்லாருக்கும் இரங்குவதற்கான ஏது ஆகிறது. அமுதசுரபி ஏந்தியவளின் செயலுக்கும் 30ஆம் காதையின் தத்துவத்துக்கும் இடையிலுள்ள உறவு இங்கு தெளிவு பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. மணிமேகலை உயிர் என்னும் சொல்லை மறுக்கவில்லை. அதனைத் தொடர்ச்சி வழக்காகக் கொள்கிறது. 23ஆம் காதையின் உயிரை 30ஆம் காதையின் வழக்கு வகுப்பைக் கொண்டு பொருள்கொள்வது காப்பியத்துக்குள்ளேயே கிடைக்கும் நெறி. சைவத்தின் வலிய தடை உயிர் உண்டு என்னும் கூற்றில் இல்லை. கட்டுண்டவரும் விடுபட்டவரும் அருள்பெறுபவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்னும் கோரிக்கையில் உள்ளது. அக்கோரிக்கையை நிறைவேற்றச் சித்தாந்தம் அமைத்த உயிர், சார்பின்றி அறியாத உயிர். உபநிடத வழிவந்த மாறாத சாட்சியோடு அதனை ஒன்றாக்குதல் பொருந்தாது.

எனவே இந்து, பௌத்தம் என்னும் இரு பெயர்களின்கீழ் ஒன்று என்றோ வேறு என்றோ தீர்ப்புக் கூறுவதைவிட, ஒவ்வொரு நூலும் உயிர் என்று எதனைக் குறிக்கிறது, வீடு என்பதில் எது நீங்குகிறது, எது எஞ்சுகிறது என்று வினவுவதே பயனுடையது. எதிரி ஒப்பாத சொல்லை எழுவாயாகக் கொண்டு வாதம் தொடங்கலாகாது என்று அறவண அடிகள் கற்பித்த விதி, இவ்வாதத்தை ஆராய்வோருக்கும் பொருந்தும்.